எம்சிபி மாற்றினால் ஷாக் அடிக்காதா?

பழைய வீட்டை வாங்கியதும் மாடுலர் கிச்சன், பால்ஸ் சீலிங், பாத்ரூம் டைல்ஸ் என்று லட்சக்கணக்கில் செலவு செய்கிறார்கள். பால் காய்ச்சிக் குடிவந்த பிறகுதான் போன் வருகிறது: "கீசர் போட்டா குழாய்ல சுருக்குனு அடிக்குது சார்." போய்ப் பார்த்தால் சுவருக்குள் ஓடுவது முந்தைய வீட்டுக்காரர் காலத்து வயர். கேட்டால், "எம்சிபி எல்லாம் புதுசா மாத்திட்டோமே!" என்பார்கள். எத்தனை வீட்டில்தான் இதே பதிலைக் கேட்பது?

எம்சிபி என்பது அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். அது வயரைக் காப்பாற்ற வந்தது, ஆளைக் காப்பாற்ற அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி விழ வேண்டுமானால் 16 ஆம்பியருக்கு மேல் கரண்ட் ஓட வேண்டும். மனிதனைக் கொல்ல 50 மில்லி ஆம்பியரே போதும். 230 வோல்ட்டில் ஒரு 12 வாட் பல்பு இழுக்கிற கரண்ட், அவ்வளவுதான். ஆள் கம்பியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தாலும் எம்சிபி அசையாது. விலை உயர்ந்த எம்சிபியும் அசையாது.

ஆளைக் காப்பது ஆர்சிசிபி என்ற இன்னொரு சுவிட்ச். போன கரண்ட் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்து, வராவிட்டால் நொடிக்கும் குறைவான நேரத்தில் லைனைத் துண்டிக்கும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழுவதாகக் கேட்டு வாங்குங்கள். 100, 300 எல்லாம் தீ விபத்தைத் தடுக்கப் போடுவது. ஆர்சிசிபி ஓவர்லோடுக்கு விழாது, அதனால் எம்சிபியும் கட்டாயம் இருக்க வேண்டும். ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் அன்றே மாற்றுங்கள்.

"ஆர்சிசிபி போட்டோம், அடிக்கடி விழுந்தது, கழற்றிட்டோம்" என்கிறவர்களுக்குத்தான் கோபமாகப் பதில் சொல்லத் தோன்றுகிறது. அது சும்மா விழவில்லை ஐயா. கீசர் காயில் லீக் ஆகியிருக்கும், இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) கலந்திருக்கும், இன்வெர்ட்டர் நியூட்ரலைப் பிரிக்காமல் விட்டிருப்பார்கள். இல்லையென்றால் இன்னொரு கைங்கரியம் நடந்திருக்கும்.

மூன்று பின் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். மேலே உள்ள பெரிய துளைதான் எர்த். அங்கே பச்சை வயர் வரவில்லை என்பதற்காக, நியூட்ரல் முனையிலிருந்து விரல் நீளத் துண்டு வயரை வளைத்து எர்த் முனையில் முறுக்கியிருப்பார்கள். டெஸ்ட் லாம்பு போட்டால் பளிச்சென்று எரியும், வீட்டுக்காரரும் திருப்தியாகிவிடுவார். நியூட்ரல் எங்காவது அறுந்தால் பேஸ் வயரில் வரும் கரண்ட் அந்தத் துண்டு வயர் வழியாக பிரிட்ஜின் கதவுக்கே வந்து நிற்கும். குழந்தை முதலில் தொடுவது அந்தக் கதவைத்தான்.

ஆகவே, பூச்சும் டைல்ஸும் தொடங்கும் முன்பே வயரிங்கை முடித்துவிடுங்கள். 500 வோல்ட் மெக்கர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை இழுத்துப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். எர்த் குழியையும் எர்த் டெஸ்டரில் அளக்க வேண்டும், கோடையில் அதற்குத் தண்ணீரும் ஊற்ற வேண்டும். லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், 2 கிலோவாட் கீசருக்குத் தனி லைனாக 2.5, ஒன்றரை டன் ஏசிக்கு 4 ஸ்கொயரும் 20 ஆம்பியர் எம்சிபியும். ஏசி போட்டதும் 16 விழுகிறதே என்று 32 மாட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். எம்சிபி விழாது, சுவருக்குள் வயர் உருகும்.

இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயினை மட்டும் அணைத்துவிட்டு போர்டைத் திறக்காதீர்கள். இன்வெர்ட்டர் லைனில் அப்போதும் கரண்ட் இருக்கும்.

பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரிலும் வயர் பைப் ஓடும் பாதையை அளவு டேப் வைத்து செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடுலர் கிச்சன் ஆள் டிரில்லோடு வந்து நிற்கும்போது அதைக் காட்டிவிட்டு துளை போடச் சொல்லுங்கள்.