மருந்தளவு: ‘டோஸ்’ என்ற சொல்லும் பச்சிளங்குழந்தையின் இதயமும்

‘டோஸ்’ என்பது, ‘கொடுத்தல்’ என்று பொருள்படும் ‘டோசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து தமிழ்ப் பேச்சிலும் புகுந்த சொல். வடமொழியிலிருந்து நாம் பெற்ற ‘தானம்’ என்பதும் அதே வேரில் கிளைத்ததுதான். ஆகவே இச்சொல்லின் அடிப்பொருள் அளவு அன்று, கொடுக்கும் செயலே ஆகும்.

தமிழில் அளவைக் குறித்த பழஞ்சொல் ‘மாத்திரை’. கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை என்றும், குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்றும் இலக்கண நூலார் வகுத்தனர். அளந்து உருட்டிய மருந்துக்கு அப்பெயர் ஏறிய பிறகு, அளவு என்ற பொருள் வழக்கில் மங்கிவிட்டது. இன்று ‘எத்தனை மாத்திரை’ என்றால் எண்ணிக்கையைத்தான் கேட்கிறோம். எனவே ‘டோஸ்’ என்பதற்கு ‘மருந்தளவு’ என்பதே பொருத்தமான தமிழ்ச் சொல்.

ஆனால் பிறவி இதயக் குறைபாட்டுடன் பிறந்து, அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் குழந்தையிடம் இந்த ஒரு சொல் போதாது. நுரையீரலில் நீர் கோக்காமலிருக்கத் தரும் ஃபுரோசமைடு போன்ற மருந்தை எடைக்கேற்பக் கணக்கிடுவார்கள். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று மருத்துவர் முடிவுசெய்தால் 3 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 3 மில்லிகிராம். இதை மருந்தளவு என்பதில் குழப்பமில்லை. குழந்தையின் எடையோ பிறந்த முதல் சில நாட்களில் இயல்பாகவே குறையும், நீர் பிரிந்தாலும் குறையும் என்பதால், எந்த நாளின் எடை என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்து அப்படிப்பட்டதன்று. கருவில் பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்திருந்த குழாய், பிறந்த சில நாட்களில் தானே மூடிக்கொள்ளும். சில இதயக் குறைபாடுகளில் அது திறந்திருந்தால்தான் குழந்தை உயிர் தரிக்கும். அதைத் திறந்து வைக்கும் இம்மருந்தின் பெரும்பகுதி நுரையீரலை ஒருமுறை கடப்பதற்குள் சிதைந்துவிடுவதால், வேளை பிரிக்காமல் இடைவிடாது செலுத்த வேண்டும். நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராம் என்றால், 3 கிலோ குழந்தைக்கு மணிக்கு 9 மைக்ரோகிராம். 500 மைக்ரோகிராம் மருந்தை 50 மில்லிலிட்டராகக் கரைத்த ஊசிக்குழலிலிருந்து மணிக்கு 0.9 மில்லிலிட்டர் நகர வேண்டும். இங்கே ‘அளவு எவ்வளவு’ என்று கேட்டால் ஊசிக்குழலில் உள்ள மருந்தா, ஒரு மணி நேரத்தில் செல்வதா என்பது தெளியாது. இதற்குச் ‘செலுத்தும் வீதம்’ என்று தனிப்பெயர் வேண்டும் என்பது என் துணிபு. கொடுத்தல் என்ற கிரேக்க வேர்ப்பொருளும் இத்தொடரில்தான் நிலைக்கிறது.

வீதம் கூடினால் மூச்சு நின்றுபோகலாம், இரத்த அழுத்தம் சரியலாம். குறைந்த வீதத்திலும் மூச்சுத்தடை வரக்கூடும் என்பதால் குழந்தையைக் கண்காணித்தபடியே இருப்பார்கள். குழாய் நன்கு திறந்தபின், நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.01 மைக்ரோகிராம் வரை வீதத்தைக் குறைப்பதும் உண்டு.

அலகையும் முழுப்பெயரால் எழுதுவதே நன்று. ‘மைக்ரோ’ என்பதை ‘மில்லி’ என்று படித்தால் பிழை ஆயிரம் மடங்காகும். புள்ளிக்கு முன் சுழியம் இடாமல் .5 என்று எழுதினால், மங்கலான தாளில் அது 5 ஆகிவிடும். ‘பூஜ்ஜியம் புள்ளி ஐந்து மில்லிகிராம், ஒரு வேளைக்கு’ என்று ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் ஊசிக்குழலின் கோட்டைப் பார்த்துச் சரிபார்க்கும்போது, மருந்தளவு என்ற சொல் தன் முழுப்பொருளில் வழங்குகிறது.