பூரணம்

கொழுக்கட்டைக்குள் வைக்கும் பூரணமும் வேதாகமத்தில் வரும் பூரணமும் ஒரே வேரில் பிறந்தவைதான். வடமொழியில் ‘பூர்ண’ என்றால் நிறைந்தது. மத்தேயு 5:48-ஐச் சீர்திருத்த சபையார் (புராட்டஸ்டன்டுகள்) வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு ‘பூரண சற்குணர்’ என்று தருகிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் ‘நிறைவுள்ளவர்’. கொடைக்கானலில் இரு சபையாரும் அக்கம்பக்கத்தில் குடியிருப்பதால் இரண்டு சொல்லும் காதில் விழும்.

அந்த வசனத்தின் கிரேக்க மூலச் சொல் ‘தெலெயோஸ்’. முடிவு, இலக்கு என்று பொருள்படும் ‘தெலோஸ்’ அதன் வேர். சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்தது, முற்றி வளர்ந்தது என்று விரிக்கலாம். எபிரெயர் 5:14-இல் வளர்ந்த ஆட்களையும் இதே சொல் குறிக்கிறது. தமிழில் ‘பூரண வயதுள்ளவர்கள்’. நாமோ பூரணத்தை ஆங்கில ‘பெர்பெக்ட்’ ஆக்கி, தப்பே இல்லாதது என்று மட்டும் எடுத்துக்கொள்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மலையில் அது மழைக்காலம். மெழுகுவர்த்தி அணையாமலிருக்க, தண்ணீர் பாட்டிலின் இரு முனையையும் வெட்டி, சுடரைச் சுற்றி நிறுத்திவைப்பார்கள். அந்த வேலைக்கு நடுவே ஒரு சிறுமி தன் அம்மாவிடம் கேட்டாள்: “மோட்சத்துல தாத்தா கோவமே படமாட்டாரா? படணும்னு நெனச்சாலும் முடியாதா?”

இறையியலார் நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்வி இது. மோட்சத்தில் பாவம் செய்யவே முடியாது என்றால் சுயாதீனம் எங்கே போயிற்று? சுயாதீனம் உண்டு என்றால், அங்கிருந்தும் விழலாமே? தேவதூதர்களிலேயே சிலர் பாவத்தில் விழவில்லையா?

சரி, சுயாதீனம் என்றால் என்ன? தன் வசத்தில் இருப்பது. எதிர்ச்சொல் பராதீனம். சிலர் ‘தன்னிச்சை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ‘தன்னிச்சையாக நடந்துகொண்டார்’ என்று யாரையும் பாராட்டிச் சொல்வதில்லை. ‘தன்வயம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. குறள் 9-இன் ‘எண்குணத்தான்’ என்பதற்குப் பரிமேலழகர் அடுக்கும் இறைக்குணங்களில் முதலாவது ‘தன்வயத்தன் ஆதல்’.

‘விரும்பாத தீமையையே செய்கிறேன்’ என்று ரோமர் 7:19-இல் அப்போஸ்தலர் பவுல் புலம்புகிறார். தீமைக்கு வழி திறந்துதான் இருக்கிறது, ஆனால் மனம் அவர் வசத்தில் இல்லை. மறுபக்கம், தேவன் ‘பொய்யுரையாதவர்’ என்கிறது தீத்து 1:2. பொய் சொல்ல மாட்டாதவர் என்பதால் அவர் தன்வயம் இழந்தவர் ஆகிவிடுவாரா?

பழைய திருச்சபையின் இறையியலார் அகுஸ்தீனார் (354–430) இதைத் தெளிவாகப் பிரித்தார். முதல் மனிதனுக்குக் கிடைத்தது பாவம் செய்யாதிருக்க இயலும் சுதந்திரம். மோட்சத்தில் கிடைப்பது பாவம் செய்ய இயலாத சுதந்திரம், அதுவே பெரிது என்றார். 13-ஆம் நூற்றாண்டில் இறையியலார் தாமஸ் அக்குவினாஸ் காரணம் சொன்னார்: கடவுளை நேரில் காண்பவரின் மனம் அவரை விட்டு வேறெதையும் நாடாது.

இதைச் சொல்லத் தமிழில் ‘நிறை’ என்ற பழைய சொல் உண்டு. நிறைவு என்ற பொருளோடு, மனத்தை நல்வழியில் நிறுத்துதல் என்ற பொருளும் அதற்கு இருக்கிறது. ‘சிறைகாக்கும் காப்பெவன் செய்யும்’ என்று கேட்டு, ‘நிறைகாக்கும் காப்பே தலை’ என்கிறது குறள் 57. பெண்களை வைத்துச் சொன்ன குறள்தான்; ஆனால் அந்த நிறை எல்லார்க்கும் வேண்டியது. மோட்சத்தில் இருப்பவரைக் காப்பது இந்தக் காவல்தான், வெளிப்பூட்டு எதுவும் இல்லை. அதனால் வசனம் படிக்கையில் ‘பூரணம்’ இருக்கட்டும், பிள்ளைகளுக்கு விளக்கும்போது ‘நிறைவு’ என்றே சொல்லுங்கள். ‘குறையின்மை’ வேண்டாம்.

அப்படியானால் மனிதனைத் தொடக்கத்திலேயே நிறைவாகப் படைத்திருக்கலாமே? எபிரெயர் 5:14 நன்மை தீமையைப் ‘பயிற்சியினால்’ பகுத்தறிவதைப் பேசுகிறது. 12:23-இல் வருவதும் ‘பூரணராக்கப்பட்ட நீதிமான்கள்’. நிறை என்பது வாழ்ந்து, விழுந்து, எழுந்து, அருளால் வளர்வது என்றே நான் படிக்கிறேன். அது எப்போது முற்றுப்பெறுகிறது என்பதில் சபைகள் பிரிகின்றன. இறந்தபின் உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஒரு தூய்மைப்பாடு உண்டு என்கிறார்கள் கத்தோலிக்கர். சீர்திருத்த சபையார் அப்படி ஓர் இடத்தை ஏற்பதில்லை.