பிள்ளை பெற்ற பின் ஆறு மாதம்: அங்கன்வாடி மாவில் தாயின் பங்கு

கர்ப்பமாக இருக்கும்போது தவறாமல் அங்கன்வாடிக்குப் போய் சத்துமாவு வாங்கும் பெண்கள் சிலர், பிள்ளை பிறந்ததும் நின்றுவிடுகிறார்கள். இனி மாவு குழந்தைக்குத்தான், அதுவும் ஆறு மாதம் ஆன பிறகுதான் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. பிரசவம் ஆன நாளிலிருந்து ஆறு மாதம் வரை அந்த உணவு தாய்க்கு உரியது. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. காசு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

பச்சை உடம்புக்காரிக்குத்தான் சாப்பாடு அதிகம் வேண்டும். கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 350 கிலோகலோரி கூடுதலாகத் தேவை என்று சொல்லும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (2020), முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு 600 என்கிறது. 2013-இல் சட்டம் வந்தபோது அதன் இரண்டாம் அட்டவணையும் அவளுக்கு நாளொன்றுக்கு 600 கிலோகலோரி, 18 முதல் 20 கிராம் புரதம் என்றுதான் வகுத்தது. பத்தியம் என்று சொல்லி அவள் தட்டைச் சுருக்குவதும் குடிக்கும் தண்ணீரை அளந்து கொடுப்பதும் இந்தக் கணக்குக்கு நேர் எதிரானவை.

யாருக்குக் கிடைக்கும்? எல்லாத் தாய்மாருக்கும். ரேஷன் அட்டையின் வகையைப் பார்க்கக் கூடாது. அங்கன்வாடிச் சேவைக்கு வறுமைக் கோட்டை அளவுகோலாக வைக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவிட்டுவிட்டது. மூன்றாவது பிள்ளைக்கு உண்டா என்று தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். உண்டு. எத்தனையாவது பிரசவம் என்ற வரம்பு பண உதவியில்தான் வரும், உணவில் வராது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் முதல் இரண்டு பிரசவங்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பில் உதவி தருகிறார்கள். அதை வாங்கியவர் என்பதற்காக மாவை மறுக்க முடியாது.

பெரும்பாலும் சிக்கல் வருவது தாய்வீட்டில். பதிவு புருஷன் ஊர் மையத்தில் இருக்கும். பெண்ணோ பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து மூன்று மாதம், ஐந்து மாதம் தங்கிவிடுவாள். இங்கே பெயர் இல்லை, அங்கே ஆள் இல்லை. ஆறு மாத உரிமையில் பாதி இப்படியே கரைந்துவிடும். புறப்படும் முன்பே ஊர் அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லி, பதிவைத் தாய்வீட்டு மையத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அங்கன்வாடிப் பதிவுகளை வைத்திருக்கும் போஷன் டிராக்கர் செயலியில் அதற்கு வழி இருக்கிறது. ஆதார் அட்டையையும் தாய் சேய் நல அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

இன்னொன்று, மனதுக்குக் கஷ்டமானது. வாங்கி வரும் மாவு பெரிய பிள்ளைகளுக்கும் மாமனாருக்கும் கஞ்சியாகி, பெற்றவளுக்கு ஒரு டம்ளர்தான் மிஞ்சுகிறது. வீட்டில் பிள்ளைகள் கேட்கும்போது எந்தத் தாயும் தனக்கென்று எடுத்து வைக்க மாட்டாள். அவளுக்காக மற்றவர்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். மாமியார், கணவர், யாராவது ஒருவர்.

மாவோடு மாத்திரையும் உண்டு. இரும்புச்சத்து–ஃபோலிக் அமில மாத்திரை தினம் ஒன்று, சுண்ணாம்புச்சத்து மாத்திரை தினம் இரண்டு, பிரசவத்துக்குப் பின் 180 நாள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் இலவசமாகக் கிடைக்கும். இரண்டையும் ஒரே வேளையில் போடாதீர்கள். சுண்ணாம்புச்சத்து இரும்பை உடலில் சேரவிடாது.

மாவு தரவில்லை என்றால் முதலில் வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் சொல்லுங்கள். அங்கே நடக்காவிட்டால் மாவட்டக் குறைதீர் அலுவலர், அவருக்கு மேல் மாநில உணவு ஆணையம் என்று சட்டமே படிகளை வைத்திருக்கிறது. உரிய உணவைத் தராவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி என்ற பணத்தைக் கேட்கலாம் என்பது 8-ஆவது பிரிவு. எந்த மாதம் எத்தனை பாக்கெட் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் மனு எழுதும்போது அது கைகொடுக்கும்.