ஓடுகிற வாட்சுக்கு எதற்கு இவ்வளவு சர்வீஸ் கூலி?

"வாட்ச் நல்லா ஓடிக்கிட்டுதானே இருக்கு, எதுக்கு சார் இவ்வளவு?" குரோனோகிராஃபோ (ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்ச்), பெர்பெச்சுவல் காலண்டரோ (மாத நாட்களையும் லீப் வருடத்தையும் தானே கணக்கிட்டுத் தேதி காட்டும் வாட்ச்) என் மேசைக்கு வந்து, கூலி எவ்வளவு ஆகும் என்று சொன்னதும் எழும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். வாங்கும்போது இந்தச் செலவைப் பற்றி யாரும் அவர்களிடம் பேசியிருக்க மாட்டார்கள்.

சாவி கொடுக்கும் சாதாரண வாட்சில் நூற்றுச்சொச்சம் பாகங்கள். கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப் என்றால் 200-ஐத் தாண்டிவிடும். ஒவ்வொன்றையும் கழற்றி, லென்ஸில் பார்த்து, கழுவி, திரும்பப் பூட்ட வேண்டும். எண்ணெயும் ஒரே வகை இல்லை. பேலன்ஸ் வீல் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளந்து கொடுக்கும் சக்கரம்) முனைக்கு மெல்லியது, அழுத்தம் தாங்கும் இடங்களுக்குக் கெட்டியானது, சில இடங்களுக்கு கிரீஸ். ஒரு சொட்டு கூடினாலும் அது வழிந்து, போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும்.

பூட்டி முடித்த பிறகுதான் நேரம் தின்னும் வேலையே ஆரம்பம். பல குரோனோகிராஃப்களில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் ஒரு பல்சக்கரம் இன்னொன்றோடு போய்ச் சேரும். ஆழமாகச் சேர்ந்தால் பேலன்ஸ் வீலின் வீச்சு குறையும். மேலோட்டமாகச் சேர்ந்தால் செகண்ட் முள் குதிக்கும். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை அளவுதான் இடம். பெர்பெச்சுவல் காலண்டரில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை சுற்றும் சக்கரத்தில் 48 மாதங்களும் பதிந்திருக்கும். பிப்ரவரி 28, 29 இரண்டையும் தாண்டிக் காட்டாமல் அதைக் கையில் கொடுக்க முடியாது. மினிட் ரிப்பீட்டர் (நேரத்தை மணியடித்துச் சொல்லும் வாட்ச்) என்றால் 12:59-இல் வைத்துக் கேட்பேன். மணிக்கு 12 அடி, கால்மணிக்கு 3 இரட்டை அடி, நிமிடத்துக்கு 14 அடி. அதிக அடி விழும் நேரம் அதுதான். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

சரி, ஓடுகிற வாட்சை எதற்குத் திறக்க வேண்டும்? மணிக்கு 28,800 துடிப்பு என்றால் வருடத்துக்கு 25 கோடிக்கும் மேல். எண்ணெய் காய்ந்தாலும் வாட்ச் நிற்காது, அதுதான் ஆபத்து. உலோகம் உரசி வரும் பொடி மிச்ச எண்ணெயில் கலந்து, அரைக்கும் பசை போல ஆகிவிடும். இருபது வருடம் திறக்காத ஒரு குரோனோகிராஃப் என்னிடம் வந்தது. ஒரு சக்கரத்தின் அச்சும் அது உட்கார்ந்த துளையும் சேர்ந்தே தேய்ந்திருந்தன. அந்தப் பாகம் இப்போது தயாரிப்பில் இல்லை. லேத்தில் கடைந்துதான் செய்ய வேண்டியிருந்தது. காலத்தில் வந்திருந்தால் கழுவி, எண்ணெய் போட்டதோடு முடிந்திருக்கும். அதைக் கொண்டுவந்தவரின் அப்பாவுடைய வாட்ச் அது. அந்தத் தொகையைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

இன்னொரு வீண் செலவு, இரவில் தேதி மாற்றுவது. ஏறக்குறைய 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை காலண்டர் பற்கள் தாமாகவே பிடித்து நகர்ந்துகொண்டிருக்கும். அப்போது தேதி மாற்றும் பட்டனை அழுத்தினால், எள்ளளவு லீவர் ஒன்று வளைந்துபோகும். முள்ளை 6 மணிப் பக்கம் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள்.

குறைந்த கூலி சொல்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: முழுவதும் கழற்றுவீர்களா, இல்லை பின்மூடியைத் திறந்து எண்ணெய் மட்டும் விடுவீர்களா? பழைய அழுக்கின் மேல் புது எண்ணெய் விடுவதைவிடத் திறக்காமலே வைத்திருப்பது மேல். மெயின்ஸ்பிரிங்கும் (வாட்சை ஓட்டும் சுருள்) தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களும் மாறுமா, சர்வீஸுக்கு முன்னும் பின்னும் டைமிங் மெஷினில் (வாட்ச் எவ்வளவு சரியாக ஓடுகிறது என்று பார்க்கும் கருவி) எடுத்த அளவுகளைத் தருவார்களா என்றும் கேளுங்கள். வாட்சின் வெளிக்கூட்டை பாலிஷ் செய்யட்டுமா என்றால் நான் வேண்டாம் என்பேன். தேய்த்த விளிம்பு திரும்ப வராது.

இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். சில நிறுவனங்கள் பாகங்களை வெளியாருக்குத் தருவதில்லை. அப்படிப்பட்ட வாட்ச் தொழிற்சாலைக்கே போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம், கூலியும் அவர்கள் சொன்னதுதான்.