காலிக் குப்பியைச் சோதிப்பது எப்படி?

போடாக்ஸ் குப்பி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காலிக் குப்பி என்றே தோன்றும். அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் ஒட்டியிருக்கும். அதுவும் பெரும்பாலும் மருந்தல்ல. மனித இரத்தத்திலிருந்து பிரித்த ஆல்புமின் அரை மில்லிகிராம், கொஞ்சம் உப்பு. 100 யூனிட் குப்பியில் போட்டுலினம் நச்சுப்புரதம் ஏறத்தாழ 5 நானோகிராம், அதாவது ஆல்புமினில் லட்சத்தில் ஒரு பங்கு. தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனையில் வெளிவராமல் தடுத்து, முகச் சுருக்கத்தை மூன்று நான்கு மாதம் அடக்கிவைப்பது அந்தத் துணுக்குதான்.

அளவு பிசகினால் விளையாட்டல்ல. 2025 ஜூன் 4 முதல் ஜூலை 14 வரை இங்கிலாந்தில் அழகு ஊசி போட்டுக்கொண்ட 38 பேருக்கு, இந்த நச்சு தசைகளை முடக்கும் போட்டுலிசம் என்ற நோய் கண்டது. உரிமம் பெறாத சரக்கே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. சிலருக்கு நாக்குக் குழறியது, விழுங்க முடியவில்லை.

பால் கெட்டால் திரிந்து காட்டிக்கொடுக்கும். சூட்டில் கெட்ட இந்தப் புரதம் காட்டிக்கொடுக்காது. ஆகவே, பிரிட்டனில் அழகியல் மருந்துகளை அனுப்பும் தனியார் மருந்தகத்துக்குள் மருந்தகங்களைக் கண்காணிக்கும் ஜெனரல் பார்மசூட்டிகல் கவுன்சிலின் ஆய்வாளர் நுழையும்போது (பெரும்பாலும் சொல்லாமல்தான் வருவார்) குப்பியைப் பார்த்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஃபிரிட்ஜைத் திறப்பார்.

உள்ளே 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். இந்த நிமிடத்து வெப்பநிலை மட்டும் போதாது. நேற்றிலிருந்து எட்டிய உச்சமும் இறங்கிய தாழ்வும் வேண்டும். ஒரு மாதம் முழுக்க 4, 4, 4 என்று எழுதிய ஏட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அடிக்கடி திறந்து மூடும் பெட்டி அப்படி அசையாமல் நிற்காது. ஒருநாள் 9.5 என்று குறித்து, அதற்கு என்ன செய்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிய ஏட்டைத்தான் நம்பலாம். கூரியர் பெட்டிக்கும் இதே கேள்விகள்: கோடையில் சோதித்துப் பார்த்தீர்களா? வெள்ளிக்கிழமை அனுப்பியதை வாங்க ஆளில்லையென்றால் எங்கே கிடக்கும்?

இதைவிடச் சுவையானது மருந்துச்சீட்டுக் கணக்கு. புருவங்களுக்கு நடுவே விழும் சுருக்கத்துக்கு வழக்கமான அளவு 20 யூனிட். 100 யூனிட் குப்பியை ஒருவர் பெயரில் வாங்கினால் 80 மிச்சம். அடுத்த நாற்காலிக்காரருக்கு அதைக் குத்திவிடும் ஆசை வரும். ஆனால் சீட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே உரிய மருந்து அது. மருந்தகத்தால் அழகு நிலையத்துக்குள் எட்டிப்பார்க்க முடியாது, தன் பதிவேட்டைப் புரட்டலாம். மூன்று மாதம் நிற்கும் மருந்துக்கு ஒரே பெயர் மாதாமாதம் வந்தால் மருந்தாளுநர் விசாரித்திருக்க வேண்டும். விசாரித்தாரா, எங்கே எழுதிவைத்தார் என்று ஆய்வாளர் தோண்டுவார். பிறந்த தேதியையும் பார்ப்பார்: இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு அழகுக்காக இதைப் போடுவது 2021 அக்டோபர் 1 முதல் குற்றம்.

பிறகு, எழுதிக்கொடுத்தவர் ஆளை நேரில் பார்த்தாரா? தொலைபேசியிலோ காணொலியிலோ பேசிவிட்டு இதை எழுதித்தர மருத்துவர்களுக்கு 2012-லேயே தடை வந்துவிட்டது. மருந்தெழுதும் உரிமை பெற்ற செவிலியர்களுக்கு 2025 ஜூன் 1-ல்தான் வந்தது. அதே நச்சு, அதே நெற்றி. பேனா யார் கையில் என்பதைப் பொறுத்து 13 ஆண்டுகள் விதி வேறாக இருந்த வேடிக்கை எனக்கு இன்னும் விளங்கவில்லை. நேரில் பார்த்ததற்கு என்ன அத்தாட்சி என்று மருந்தகம் கேட்டு வாங்கிய விவரம் கணினியில் இருக்கிறதா என்று, ஆய்வாளர் பழைய சீட்டுகளில் சிலவற்றை உருவி எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.