முடிக்கும் முடிக்கும் நடுவே

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே புசுபுசுவென்ற மேக்கப் பிரஷ்ஷை அதில் அமிழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். முடிகள் ஒட்டிக்கொள்ளாது. காற்றில் எப்படி விரிந்திருந்தனவோ, தண்ணீருக்குள்ளும் கிட்டத்தட்ட அப்படியே விரிந்து நிற்கும். இப்போது மெல்ல வெளியே தூக்குங்கள். தண்ணீரைவிட்டு வெளிவரும்போதுதான் எல்லா முடியும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு கூர்முனையாகும்.

ஆக, ஒட்டவைத்தது வெறும் ஈரம் இல்லை. ஈரம் என்றால் டம்ளருக்குள்ளேயே ஒட்டியிருக்க வேண்டுமே. தண்ணீரும் காற்றும் சந்திக்கும் மேற்பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்தச் சுருக்கத்தில் நடுவே மாட்டிய முடிகளும் இழுபடுகின்றன. பள்ளியில் பரப்பு இழுவிசை என்று படித்தோமே, அதுதான். சார்லஸ் வெர்னான் பாய்ஸ் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் 1889-90 குளிர்காலத்தில் லண்டனில் இளம் வயதினருக்காக நடத்திய சொற்பொழிவுகளில், ஓவியப் பிரஷ்ஷை வைத்து இதைத்தான் தொடக்கத்திலேயே செய்து காட்டினார்.

எனக்கு மேக்கப் பிரஷ் மேல் வேறு மாதிரியான கண் விழுந்தது இந்தச் சோதனைக்குப் பிறகுதான். எந்த பிரஷ் நல்லது என்று பேச ஆரம்பித்தால் ஆட்டு முடியா, அணில் முடியா, செயற்கை இழையா என்று முடியையே சுற்றிச்சுற்றி வருவோம். ஆனால் பவுடர் தங்குவதும் ஃபவுண்டேஷன் ஒளிந்துகொள்வதும், கடைசியில் கிருமி குடியேறுவதும் முடிக்கும் முடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான். அந்த இடைவெளி எவ்வளவு அகலம், அழுத்தும்போது எவ்வளவு மாறும் என்பதுதான் ஒரு பிரஷ்ஷின் குணம்.

முதலில் பவுடர் பிரஷ். விலங்கு முடியை நுண்ணோக்கியில் பார்த்தால் ஓட்டுக் கூரை மாதிரி செதில் மேல் செதிலாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு செதிலின் தடிமனும் சுமார் அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பிளஷ்ஷுக்கும் ஐ ஷேடோவுக்கும் செம்மையும் பழுப்பும் தருகிற இரும்பு ஆக்சைடு துகள்களின் அளவும் ஏறத்தாழ அதே வரிசைதான். அதனால் அந்த விளிம்புகளில் பொடி போய் உட்கார்ந்துகொள்ளும். முகத்தில் தடவும்போது ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். செயற்கை இழை வழவழப்பானது, அதில் செதில் கிடையாது. எடுத்த பவுடரை முதல் தொடுதலிலேயே இறக்கிவிடும். கன்னத்தில் ஓரிடத்தில் மட்டும் திட்டாகச் சிவந்துபோவது இதனால்தான். இப்போது வரும் நல்ல செயற்கை பிரஷ்களில் இழைகளை அலையலையாக நெளித்து இந்தக் குறையைச் சரிக்கட்டுகிறார்கள். இழையில் செதில் இல்லாவிட்டால் என்ன, நெளிவுகள் ஒன்றையொன்று தள்ளி நிறுத்துவதால் நடுவே பொடி தங்க இடம் கிடைக்கிறது.

நைலான் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது காலுறையாக இல்லை. 1938-இல் பல் துலக்கும் பிரஷ்ஷின் இழையாக. அந்த வகையில் செயற்கை இழைக்கு பிரஷ் தொழில்தான் தாய்வீடு. இன்றைய மேக்கப் பிரஷ்களில் நைலானோடு பி.பி.டி. என்ற பாலியெஸ்டர் வகையும் நிறைய உண்டு. அந்த இழைகளின் நுனியைச் சூடான காரக் கரைசலில் முக்கிக் கொஞ்சம் கரைத்து ஊசிபோல மெலியவைப்பார்கள்.

நுனியை மெலியவைக்க ஏன் இத்தனை பாடு? ஒரு இழையின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் அதை வளைக்க 16 மடங்கு விசை வேண்டும். நீளத்தைப் பாதியாக்கினால் 8 மடங்கு. கண்ணுக்கே தெரியாத விட்ட வித்தியாசம் கன்னத்துக்குத் தெரிவது இதனால்தான். கம்பளி ஏன் குத்துகிறது என்று ஆராய்ந்தவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: இழையின் முனை சுமார் 75 மில்லிகிராம் எடைக்குச் சமமான விசையைத் தாங்கி வளையாமல் நின்றால் தோலின் வலி நரம்பு விழித்துக்கொள்ளும். கம்பளியில் ஏறத்தாழ 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள்தான் அப்படி நிற்கும். பிரஷ்ஷிலும் அதே கதைதான். இயற்கையாக மெலிந்து முடியும் நுனி தோலில் பட்டதும் வளைந்து கொடுக்கும். கத்தரித்த நுனி மொட்டையாக நின்று குத்தும். அதனால்தான் ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தில் உள்ள குமானோ என்ற ஊரின் பிரஷ் கைவினைஞர்கள் தலையைக் கத்தரித்து உருண்டையாக்குவதில்லை. மரத்தில் குடைந்த சிறு அச்சுக்குள் முடியை நுனி கீழாகப் போட்டுத் தட்டித்தட்டி வடிவம் கொண்டுவருவார்கள். வெட்டுவதெல்லாம் வேர்ப் பக்கத்தில்தான்.

கடையில் பிரஷ் வாங்கும்போது நான் செய்வது ஒன்றுதான். உள்ளங்கையில் தடவிப் பார்ப்பதில்லை, அங்கே தோல் தடிப்பு. கண்ணுக்குக் கீழே தடவப்போகும் பிரஷ்ஷை மணிக்கட்டின் உள்பக்கத்தில் நேராக அழுத்துவேன். குத்தினால் வைத்துவிட்டு வந்துவிடுவேன், எத்தனை அழகான கைப்பிடியாக இருந்தாலும் சரி.

திரவ ஃபவுண்டேஷனுக்கு வரும்போது ஆட்டம் தலைகீழாகிறது. முடி தண்ணீரைக் குடிக்கும். முழுக்க ஊறினால் தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை உறிஞ்சிக் குறுக்குவாட்டில் 15 சதவீதம்போல உப்பும். பி.பி.டி. அரை சதவீதம்கூட எடுத்துக்கொள்ளாது. அதனால் ஈரமான வேலைக்குச் செயற்கை இழைதான். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. அதிலும் குட்டையாக, நெருக்கமாக முடி வைத்த பிரஷ். குட்டையானால் விறைப்பு வரும் என்று மேலே பார்த்தோம். நெருக்கமானால் இடைவெளி சிறிதாகி, திரவம் உள்ளே அதிகம் போகாமல் நுனியில் நிற்கும். அப்படியும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும்.

அப்புறம் அந்தக் கோடு கோடான தடங்கள். பிரஷ்ஷை இழுத்தால் ஒவ்வொரு முடிக்கற்றையும் ஒரு பள்ளம் கீறிக்கொண்டு போகும், பக்கத்தில் ஒரு மேடு. அவற்றைச் சமன் செய்வதும் பரப்பு இழுவிசைதான். அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதில் இன்னொரு 16 வருகிறது: கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம் பாதியானால் அவை 16 மடங்கு வேகமாக மறையும். பூச்சின் தடிமன் பாதியானால் 8 மடங்கு மெதுவாக. நாம் ஃபவுண்டேஷனை மெல்லிசாகத்தான் பூசுகிறோம். அதிலுள்ள ஆவியாகும் சிலிகோனும் தண்ணீரும் பறந்து போனதும் பூச்சு கெட்டியாகிக் கோடு அப்படியே நின்றுவிடும். எனவே காய்வதற்குள் கோட்டை நெருக்கமாக்க வேண்டும். சன்னமான நுனிகள் நெருக்கமாக இருக்கிற பிரஷ்ஷால், ஒரே திசையில் இழுக்காமல் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பது இதற்குத்தான்.

கோடே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்பாஞ்ச். ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞரான ரியா ஆன் சில்வா 2000-களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய முட்டை வடிவ ஸ்பாஞ்சைத்தான் இன்று எல்லாரும் ஏதோ ஒரு பெயரில் வைத்திருக்கிறோம். அதற்கு விளிம்பு கிடையாது. விளிம்பு இல்லாததால் கோடு விழ வழியில்லை. அதை நனைத்துப் பிழிந்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும் என்பதற்கும் காரணம் இடைவெளிதான். பாலியூரித்தேன் நுரையின் துளைகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. காய்ந்திருந்தால் நுண்புழைபோல, அதாவது திரவத்தைத் தானாக மேலிழுக்கும் மிக மெல்லிய குழாய்போல, ஃபவுண்டேஷனை உள்ளே இழுத்துவிடும்; முகத்துக்குப் போகவேண்டியதில் ஒரு பங்கு ஸ்பாஞ்சின் வயிற்றுக்குப் போகும். முதலில் தண்ணீர் உள்ளே போய் இடம்பிடித்துவிட்டால் ஃபவுண்டேஷனுக்கு வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். பல ஃபவுண்டேஷன்களில் நீர்த்துளிகளைச் சுற்றி வெளியே இருப்பது சிலிகோன் எண்ணெய் என்பதால் தண்ணீரோடு எளிதில் கலக்காது, அதுவும் நமக்குச் சாதகம்.

கண்ணிமைக்கான சிறு பிரஷ், புருவத்துக்கான ஸ்பூலி இரண்டையும் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முன்னது நீள முடி, விரிந்த தலை. அழுத்தம் குறைவதால் நிறம் கரைந்து மறையும். பின்னது இரண்டு கம்பிக்கு நடுவே இழைகளை வைத்து முறுக்கியது. இந்த நான்கும் ஒரு ஸ்பாஞ்சும் போதும் என்பது என் கட்சி. இருபத்துநாலு பிரஷ் கொண்ட பெட்டியில் பாதிக்குமேல் பெட்டியை நிரப்பத்தான்.

கழுவும் விஷயம் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2019-இல் பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மக்கள் பயன்பாட்டில் இருந்த லிப்ஸ்டிக், லிப் கிளாஸ், ஐலைனர், மஸ்காரா, ஸ்பாஞ்ச் என 467 பொருள்களைச் சோதித்தார்கள். பத்தில் ஒன்பதில் பாக்டீரியா இருந்தது. ஸ்பாஞ்சுகளில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை; இத்தனைக்கும் 64 சதவீதம் தரையில் விழுந்து எழுந்தவை. ஈரம், தோலின் எண்ணெய், உதிர்ந்த செல், ஒளிந்துகொள்ள ஆயிரக்கணக்கான சந்துகள். கிருமிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். ஆனால் அது சந்துக்குள் போனால்தானே பிடிக்கும். மேலே நுரை வந்தால் கழுவியாயிற்று என்று அர்த்தமில்லை. இளஞ்சூட்டு நீரில் மென்மையான ஷாம்பு போட்டு, பிரஷ்ஷை உள்ளங்கையில் அழுத்தி விட வேண்டும். அழுத்தும்போது இடைவெளிகள் மூடி அழுக்குத் தண்ணீர் வெளியேறும், விடும்போது திறந்து புதுத் தண்ணீர் உள்ளே வரும். கொதிக்கும் நீர் வேண்டாம். முடிக்கற்றையைப் பிடித்திருப்பது பசைதான்.

காயவைப்பதில்தான் நான் ஏமாந்தேன். கழுவிய பிரஷ்களைப் பேனா மாதிரி ஒரு குவளையில் தலை மேலாக நிற்கவைப்பது என் வழக்கம். ஒருநாள் எனக்கு மிகப் பிடித்த பவுடர் பிரஷ்ஷை எடுத்ததும் தலை தனியாக, கைப்பிடி தனியாக வந்துவிட்டது. கழுவி இரண்டு நாள் ஆகியிருந்தது. நுனி பஞ்சுபோலக் காய்ந்திருந்தது. ஆனால் உலோகப் பட்டைக்குள் செருகியிருந்த மரமுனையைத் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டியது, அழுகல் வாடை வேறு. முடிகள் மிக நெருக்கமாக இருப்பது பட்டைக்கு அருகேதான். சந்து குறுகக் குறுக நுண்புழை ஏற்றம் கூடும்: 0.1 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயில் தண்ணீர் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் ஏறிவிடும். பிரஷ் தலையின் உயரமோ நாலைந்து சென்டிமீட்டர். தலைகீழாகத் தொங்கவிட்டாலும் எடையால் மட்டும் அந்தத் தண்ணீர் முழுக்க இறங்காது. முதலில் துண்டில் வைத்து அழுத்தி எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் மரம் ஊறி உப்பும், காய்ந்து சுருங்கும், மறுபடி உப்பும். உலோகம் அப்படியே இருக்கும். பசை நடுவே கிடந்து விட்டுப்போகும்.

எபாக்ஸி வைத்து ஒட்டி அதையேதான் இன்னும் பயன்படுத்துகிறேன். கழுவிய இரவு மட்டும் துண்டில் புரண்டு எழுந்து, மேசை விளிம்பில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருக்கும்.