டிராஃப்ட்: வரைவா, ஏலமா, முறைத்தெரிவா?

1999 ஏப்ரல் 17. நியூயார்க்கில் மேடிசன் ஸ்குவேர் கார்டன் வளாகத்து அரங்கம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் அமைப்பின் தலைவர் பால் டாக்லியாபு மைக் முன் வந்து, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி டோனவன் மெக்நாப் என்ற கல்லூரி வீரரை எடுத்திருப்பதாக அறிவிக்கிறார். அந்தப் பையன் கோட்டு சூட்டோடு மேடையேறுகிறான். வாழ்க்கையிலேயே பெரிய நாள் அவனுக்கு. கீழேயிருந்து வருவதோ கைதட்டல் இல்லை, ஊளை. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த முப்பது சொச்சம் ரசிகர்கள், தங்கள் அணிக்கு வரப்போகிறவனையே பார்த்துக் கத்துகிறார்கள். அவர்கள் கேட்டது டெக்சாஸ் பல்கலைக்கழக வீரர் ரிக்கி வில்லியம்ஸை. நகரத்து மேயர் எட் ரெண்டல்கூட ரிக்கிதான் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

இந்தக் காட்சியை நண்பர் ஒருவருக்குத் தமிழில் விவரித்துக்கொண்டிருந்தேன். பாதியில் அவர் கேட்டார்: “சரி, இது ஏலமா?” இல்லை என்றேன். “அப்ப என்ன?” ‘டிராஃப்ட்’ என்றேன்; கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களை அணிகள் வரிசையாக, முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பது. அவருக்குத் தெரிந்த டிராஃப்ட், பேங்கில் எடுப்பது. இதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

முதலில் சொல்லின் பிறப்பு. டிராஃப்டும் டிராவும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ‘இழு’ என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானிய வேர். தரதரவென்று இழுப்பதைக் குறிக்கும் ‘டிராக்’ என்ற சொல்லும் அந்த வேரிலிருந்து வந்ததே. இழுப்பது என்ற ஒரே செயலிலிருந்து பல கிளைகள் பிரிந்தன. பேனாவை இழுத்தால் கோடு. அதிலிருந்து படம், அப்புறம் எழுதிப் பார்க்கும் முதல் படி. கணக்கிலிருந்து பணத்தை இழுத்தால் பேங்க் டிராஃப்ட். கூட்டத்திலிருந்து சில ஆட்களை உருவித் தனியாக நிறுத்தினால், அது ராணுவ டிராஃப்ட். விளையாட்டு டிராஃப்ட் இந்தக் கடைசிக் கிளையில் காய்த்தது.

தமிழில் முதல் இரண்டு கிளைகளுக்கும் நல்ல சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளன. வரைவு மசோதா, வரைவு வாக்காளர் பட்டியல் என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிறோம். பேங்கில் கொடுப்பது வரைவோலை. மூன்றாவது கிளைக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு என்கிறோம். இந்த வரிசையைப் பார்த்துவிட்டு, கணினி மொழிபெயர்ப்பும் அவசர மொழிபெயர்ப்பாளரும் விளையாட்டுக்கும் ‘வரைவு’ என்றே போட்டுவிடுகிறார்கள். ‘முதல் சுற்று வரைவில் இரண்டாவது இடம் பிடித்தார்’ என்று ஒரு வாக்கியம் வந்தால், படிப்பவர் என்ன நினைப்பார்? ஏதோ ஓவியப் போட்டி என்றுதான்.

ஆனால் ‘வரைவு’ என்ற சொல்லை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பழந்தமிழில் வரைதல் என்றால் மணந்துகொள்ளுதல். தலைவியை இன்னும் எத்தனை நாள் காக்கவைப்பாய், சீக்கிரம் மணந்துகொள் என்று தோழி தலைவனை வற்புறுத்துவதற்கு ‘வரைவு கடாதல்’ என்று பெயர். எல்லை குறித்து, இவர் எனக்கு உரியவர் என்று கொள்வது அந்த வரைவு. பலரிலிருந்து ஒருவரைக் குறித்து உரிமையாக்கிக்கொள்வது என்ற பொருளில் பார்த்தால், டிராஃப்டுக்கு அது எவ்வளவு நெருக்கம்! இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இந்த விளையாட்டு வந்திருந்தால் வரைவு என்றே விட்டுவிடலாம். இன்றைய காதில் அந்தப் பொருள் விழாது. மசோதாவும் ஓலையும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டன.

அடுத்து ‘ஏலம்’. ஐபிஎல், புரோ கபடி பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் வாயில் வருவது இதுதான். இது பொருளையே தலைகீழாக்கிவிடும். ஏலத்தில் பணம் பேசும். யார் கையை அதிக நேரம் தூக்கிப்பிடிக்கிறாரோ அவருக்கு ஆள். டிராஃப்டில் கையைத் தூக்கவே வேலை இல்லை. யாருடைய முறையோ அவர் ஒரு பெயரைச் சொல்கிறார், அவ்வளவுதான். பணத்தால் அணிகள் மோதிக்கொள்வதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு பிறந்தது.

அதைக் கொண்டுவந்தவர் பெர்ட் பெல். அவரும் அதே ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர்தான். 1930களில் நல்ல கல்லூரி வீரர் யாராக இருந்தாலும் பணமும் பெயரும் உள்ள பெரிய அணிகளுக்கே போவார். பெல்லின் அணி கடைசியிலேயே கிடக்கும். 1935இல் மற்ற உரிமையாளர்களிடம் அவர் ஒரு யோசனை வைத்தார்: கடைசியில் முடித்த அணி முதலில் எடுக்கட்டும், முதலில் முடித்த அணி கடைசியில் எடுக்கட்டும். ஆச்சரியமாக, பெரிய அணிகளும் ஒப்புக்கொண்டன. 1936 பிப்ரவரி 8 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில் ஒன்பது அணிகள் உட்கார்ந்து, ஒன்பது சுற்றில் 81 பேரை எடுத்தன. முதல் பெயர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். எடுத்தது ஈகிள்ஸ். அவரோ சம்பளப் பேச்சு ஒத்துவராமல் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை.

இன்றைக்கு 32 அணிகள், ஏழு சுற்று. சாம்பியன் அணியின் முறை முதல் சுற்றில் கடைசியாக, 32ஆவதாக வரும்.

கடைசிக்கு முதல் உரிமை என்ற இந்தக் கணக்கு நமக்குப் புதிதில்லை. ஆற்றுப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதை முறைப்பாசனம் என்கிறோம். எப்போதும் மேல்மடைக்காரன் வயல் நிறைந்து, கடைமடை காய்ந்து கிடக்கும் என்பதால்தான் முறை வைப்பதே. பெர்ட் பெல் கேட்டது கடைமடைக்காரனின் நியாயம்.

அதனால் நான் முன்வைக்கும் சொல் ‘முறைத்தெரிவு’. முறைப்பாசனம் போல முறைத்தெரிவு. தெரிவு என்றால் தேர்ந்தெடுத்தல்; இலங்கைத் தமிழில் தெரிவு செய்தல் அன்றாடப் பேச்சு. தேர்வு என்று போட்டால் பரீட்சை ஞாபகம் வந்துவிடும் என்பதால் தெரிவே மேல்.

‘முறை’ என்ற சொல்லில்தான் எனக்கு அதிக நம்பிக்கை. ‘இப்ப உன் முறை’ என்னும்போது அது வரிசை. ‘முறைப்படி நடக்கிறது’ என்னும்போது ஒழுங்கு. முறைமாமன், முறைப்பெண் என்னும்போது அது உரிமை. டிராஃப்டில் இந்த மூன்றும் உண்டு. ஒரு அணி ஒருவனை எடுத்துவிட்டால், அந்த லீக்கில் வேறு அணி அவனோடு பேச முடியாது. அவனுக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அவன் மேல் அந்த அணிக்கு முறை உண்டு. முறை கேட்டு வந்தவனை வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. 1986இல் முதல் ஆளாக போ ஜாக்சனை டாம்பா பே அணி எடுத்தது. அவர் மறுத்துவிட்டு பேஸ்பால் ஆடப் போய்விட்டார். ஓராண்டில் அந்த உரிமை காலாவதியானது. 1987இல் ரைடர்ஸ் அணி அவரை ஏழாவது சுற்றில் எடுத்துக்கொண்டது.

குடவோலை என்று சொல்லலாமே என்று சிலர் கேட்கக்கூடும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள குடவோலையில் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொல்வார்கள். அது சீட்டுக் குலுக்கல். வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் நடந்ததற்கு வேண்டுமானால் அது பொருந்தும். 366 பிறந்த நாள்களை நீலக் குப்பிகளில் அடைத்து, கண்ணாடி ஜாடியில் போட்டு எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. எத்தனையோ வீடுகளில் அன்று அடுப்பு எரிந்திருக்காது. கால்பந்து டிராஃப்டில் ஆளை அதிர்ஷ்டம் எடுப்பதில்லை, அணி எடுக்கிறது. அதனால்தான் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைக்கிறது.

எழுத்துக்கு முறைத்தெரிவு. பேச்சுக்கு? அதற்கு நம் தெருவே பதில் வைத்திருக்கிறது. சாயங்காலம் மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு பையன்கள். இரண்டு கேப்டன்கள். டாஸ் போட்டு ஜெயித்தவன் முதலில் ஒருவனைக் கைகாட்டுவான், அடுத்தவன் இன்னொருவனை. ‘ஆள் எடுக்கிறது’ என்றுதான் அதற்குப் பெயர். நல்லா அடிக்கிறவன் முதலில் போவான். பேட் வைத்திருக்கிறவன் எப்படி ஆடினாலும் இரண்டாவதாகப் போவான். கடைசியில் நிற்பவன் மண்ணைக் காலால் கீறிக்கொண்டு தலைகுனிந்து நிற்பான். அந்தக் கடைசி ஆளாக நானும் பல சாயங்காலம் நின்றிருக்கிறேன். என்எஃப்எல்லில் கடைசியாக எடுக்கப்படுபவனுக்கு ‘பொருட்படுத்த வேண்டாத ஆள்’ என்று 1976 முதல் ஒரு பட்டமே கொடுக்கிறார்கள். 2022இல் அந்த இடத்தில், 262ஆவதாக நின்றவர் பிராக் பர்டி. இரண்டு ஆண்டுக்குள் சான் ஃபிரான்சிஸ்கோ அணியை சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார்.

நம் ரசிகர்களும் ஒரு டிராஃப்டைக் கண்ணால் பார்த்தவர்கள்தான். சென்னை, ராஜஸ்தான் அணிகள் தடை செய்யப்பட்டபோது, 2015 டிசம்பர் 15 அன்று புனே, ராஜ்கோட் என்ற இரண்டு புது அணிகள் அந்த வீரர்களைப் பிரித்துக்கொண்டன. முதல் முறை புனேவுக்கு: தோனி. அடுத்து ராஜ்கோட்: ரெய்னா. பிறகு ரஹானே புனேவுக்கு, ஜடேஜா ராஜ்கோட்டுக்கு, அஸ்வின் மறுபடி புனேவுக்கு. ஒரே குடும்பத்தைப் பாகம் பிரித்ததுபோல் இருந்தது. அன்றைக்கு யாரும் யாரையும் விலையில் முந்தவில்லை. முறை வந்தது, பெயர் சொன்னார்கள். அப்போதே ‘முறைத்தெரிவு’ என்று ஒருவர் எழுதியிருந்தால் இன்று அது ஊறிப்போயிருக்கும்.

ஒரு சொல் நிலைக்க வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள பேச்சும் தமிழாக வேண்டும். முதல் சுற்று ஆளைப் பற்றி ரசிகர்கள் சண்டை போடும்போது அடிப்படையில் ஒரே கேள்விதான்: தேவைக்கு எடுப்பதா, திறமைக்கு எடுப்பதா? அணியில் ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே அடைக்க ஆள் வேண்டும் என்பது ஒரு கட்சி. இருப்பதிலேயே சிறந்தவனை எடு, இடம் தானாக அமையும் என்பது இன்னொரு கட்சி. டிராஃப்டுக்கு முன்னால் ஆளாளுக்குப் போடும் ‘மாக் டிராஃப்ட்’ நமக்கு உத்தேசப் பட்டியல். பத்து பேர் தள்ளி எடுக்க வேண்டியவனை அவசரப்பட்டு முன்னால் எடுத்தால் அவர்கள் ‘ரீச்’ என்கிறார்கள். நாம் ‘முந்தி எடுத்துட்டாங்க’ என்று சொன்னாலே போதும். பெரிதாக எதிர்பார்த்து ஒன்றும் ஆகாமல் போனவன் ‘பஸ்ட்’. தமிழில் அவன் நமத்துப்போன வெடி. 1998இல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட ரயன் லீஃபை அந்தப் பெயரால்தான் இன்றும் நினைக்கிறார்கள். கவனிக்காமல் கிடந்து பின்னால் மின்னுகிறவன் ‘ஸ்டீல்’. அவனுக்குக் குப்பை மாணிக்கம். 2000ஆம் ஆண்டு ஆறாவது சுற்றில் 199ஆவதாக எடுக்கப்பட்ட டாம் பிரேடியைவிட அதற்கு நல்ல உதாரணம் கிடையாது.

தேவையா திறமையா என்ற வழக்கில் கிரீன் பே அணியின் ரசிகர்கள் அளவுக்கு வாதாடியவர்கள் குறைவு. 2005இல் பிரெட் ஃபாவ்ர் இருக்கும்போதே அவருடைய இடத்துக்கு 24ஆவதாக ஆரன் ராட்ஜர்ஸை எடுத்தார்கள். மூன்று ஆண்டு அந்தப் பையன் வெளியே உட்கார்ந்திருந்தான். அப்புறம் கோப்பையே வாங்கிக்கொடுத்தான். 2020இல் ராட்ஜர்ஸ் இருக்கும்போதே ஜோர்டன் லவ்வை எடுத்தார்கள். மறுபடி அதே சண்டை.

மெக்நாப் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆண்டு ரிக்கி வில்லியம்ஸை எடுக்கும் முறையை இன்னொரு அணியிடமிருந்து வாங்க, நியூ ஆர்லியன்ஸ் அணி தன் அவ்வாண்டுத் தெரிவுகள் அத்தனையையும், அடுத்த ஆண்டின் இரண்டு தெரிவுகளையும் தூக்கிக் கொடுத்தது. அந்தப் பருவம் 16 ஆட்டத்தில் மூன்றில்தான் அவர்கள் ஜெயித்தார்கள். ஃபிலடெல்ஃபியாவோ மெக்நாபோடு 2001 முதல் 2004 வரை நான்கு பருவம் தொடர்ந்து அரையிறுதிக்குப் போனது. நான்காவது முறை சூப்பர் பவுல் வரை போய், மூன்று புள்ளியில் தோற்றது. ஊளையிட்ட ஊரே 2013இல் அவருடைய 5ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று மூடியது.

இதை இப்படி எழுதலாம்: ‘1999 முறைத்தெரிவில், முதல் சுற்றின் இரண்டாவது ஆளாக, டோனவன் மெக்நாபை ஃபிலடெல்ஃபியா எடுத்தது.’ இதை அந்த நண்பருக்கு அனுப்பினேன். இந்த முறை ஏலமா என்று அவர் கேட்கவில்லை. “ரிக்கியையே எடுத்திருக்கலாமோ?” என்று கேட்டார்.